ஜேக்கின் முகம்: கினெஸ்கோப்பும் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரும்

ஒரே தொடர். ஒரே குடும்பம். அம்மா பெயர் மோலி, அப்பா பெயர் ஜேக். ஆனால் நான் முதலில் பார்த்த ஜேக் வேறு ஆள், பிறகு பார்த்த ஜேக் வேறு ஆள். முதலில் பார்த்தவை 1955-56இல் ஃபிலிமில் எடுக்கப்பட்ட அத்தியாயங்கள். முகங்கள் பளிச்சென்று இருந்தன. புறநகரில் ஒரு வீடு, தெளிவான சுவர், தெளிவான மேசை, தெளிவான சிரிப்பு. பல மாதங்களுக்குப் பிறகுதான் அதே தொடரின் 1949ஆம் வருடத்து அத்தியாயங்கள் சில கைக்கு வந்தன. இதில் குடும்பம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு அடுக்குக் குடியிருப்பில் இருக்கிறது. இதிலும் ஒரு ஜேக் இருக்கிறார். ஆனால் அவருடைய கண்கள் எனக்குத் தெரியவில்லை. நெற்றியில் வெளிச்சம் வழிந்து வெளுத்திருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள். குரல் மட்டும் நன்றாகக் கேட்கிறது.

"பழைய படம்னா அப்படித்தான் இருக்கும், இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?" என்றார் கூட இருந்து பார்த்த நண்பர். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. இந்த இரண்டு ஜேக்குகளுக்கும் இடையில் இருப்பது ஆறு வருட இடைவெளி மட்டும் என்றால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இடையில் ஒரு கறுப்புப் பட்டியல் இருக்கிறது, ஒரு தற்கொலை இருக்கிறது. அதே ஆறு வருடங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சி மங்கலான பிம்பத்திலிருந்து தெளிவான பிம்பத்துக்கு மாறிய கதையும் இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாகச் சொல்வதுதான் வழக்கம். சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1

முதலில் தொழில்நுட்பத்தைப் பேசிவிடலாம். நம் ஆட்கள் பிம்ப அரசியல் பற்றி நிறைய எழுதுகிறோம், பிம்பம் எதனால் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

1940களின் இறுதியில் நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரடி நிகழ்ச்சிகள். நடிகர் நடிக்கும்போதே வீட்டில் படம் ஓடும். வீடியோ டேப் அப்போது கிடையாது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் நாடா இயந்திரம் 1956இல்தான் வருகிறது. நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் தொலைக்காட்சி வழித்தடமும் 1951 செப்டம்பர் வரை இல்லை. அப்படியானால் நியூயார்க்கில் நடந்ததை லாஸ் ஏஞ்சல்ஸில் எப்படிக் காட்டுவது? ஒரு தொலைக்காட்சிக் குழாய்க்கு முன்னால் சினிமா கேமராவை நிறுத்தி, குழாயில் ஓடும் படத்தையே படம் பிடித்தார்கள். அந்த ஃபிலிமைப் பிரதி எடுத்து மற்ற ஊர் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். இதற்குத்தான் கினெஸ்கோப் என்று பெயர். ஈஸ்ட்மன் கோடாக் இதற்கென்றே ஒரு கேமராவை 1947இல் கொண்டுவந்தது.

படத்தைப் படம் பிடிக்கும்போது என்ன ஆகிறது? அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு 525 கோடுகள். அவற்றில் படமாகத் தெரிபவை ஏறத்தாழ 480. குழாயின் வளைவில் ஓரங்கள் போகும். வெளுப்பு இன்னும் வெளுக்கும், கறுப்பு இன்னும் கறுக்கும், நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் எல்லாம் கரையும். முகபாவம் என்பது பெரும்பாலும் அந்த நடுச் சாம்பலில்தான் இருக்கிறது. கன்னம் லேசாக இறங்குவது, புருவம் ஒரு நூல் ஏறுவது, கண் ஒரு கணம் விலகித் திரும்புவது எல்லாம் அங்கேதான். இன்னொரு இழப்பும் உண்டு, இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொலைக்காட்சிக்கு நொடிக்கு 30 சட்டகம், சினிமாவுக்கு 24. கணக்கு ஒத்துவர வேண்டுமானால் ஒவ்வொரு நொடியிலும் ஐந்தில் ஒரு பங்கை விட்டாக வேண்டும். அதாவது கினெஸ்கோப்பில் இடம் மட்டும் மங்கவில்லை, காலமும் கொஞ்சம் திருட்டுப் போகிறது.

சோக நாடகம் இதைத் தாங்கிவிடும். மங்கலான முகத்தில் பார்வையாளர் தன் துக்கத்தை ஏற்றிக்கொள்வார். நகைச்சுவையால் தாங்க முடியாது. அதிலும் குடும்ப நகைச்சுவை. அதில் வேடிக்கை பேசுகிறவரிடம் பாதிதான் இருக்கும். மீதி, பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இருக்கும். அம்மா ஒன்று சொல்கிறாள், அப்பா பதில் சொல்லவில்லை, அந்தப் பதில் சொல்லாத ஒரு நொடியில்தான் வீடே சிரிக்கும். அந்த நொடியில் அப்பாவின் கண் தெரியாவிட்டால், அங்கே ஒரு மௌனம் இருந்தது என்பதே நமக்குத் தெரியாது. சம்பந்தமில்லாமல் பார்வையாளர் கூட்டம் சிரிக்கிறது என்றுதான் தோன்றும்.

தெளிவு போனால் நகைச்சுவை குரலுக்கு நகரும், கைகால் அசைவுக்கு நகரும். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிப் பழகியவர்களுக்கு இது தெரியும். படம் பூச்சி பறந்தாலும் ஆச்சி மனோரமா சத்தம் போட்டால் சிரிக்கலாம். ஆனால் அவர் சத்தம் போடாமல் வெறுமனே ஒரு பார்வை பார்த்தாரே, அது போச்சு.

இதிலிருந்து ஒரு வரலாற்றுப் பிழை பிறக்கிறது. ஆரம்பகாலத் தொலைக்காட்சி நகைச்சுவை கரடுமுரடானது, கத்தல் நிறைந்தது, நுட்பம் பின்னால்தான் வந்தது என்று ஒரு கதையாடல் உண்டு. நாம் பார்ப்பது கினெஸ்கோப்பை. 1949இல் நியூயார்க்கில் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. அவர்களுடைய பெட்டி சின்னதுதான், ஆனால் அவர்கள் பார்த்தது பிரதியின் பிரதி அல்ல. பிரதியில் விடுபட்டதைப் படைப்பில் இல்லாததாக எண்ணி நாம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2

நான் பேசும் தொடர் 'தி கோல்ட்பெர்க்ஸ்'. 2013இல் அதே பெயரில் வந்த வேறொரு தொடரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது 1929இல் வானொலியில் தொடங்கியது. எழுதியவர், தயாரித்தவர், மோலியாக நடித்தவர் எல்லாம் ஒரே பெண்: கெர்ட்ரூட் பெர்க். 1949 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு வந்தது. யூதக் குடியேறிகளின் குடும்பம். ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் இத்திஷ் மொழி அந்த ஆங்கிலத்தின் முதுகெலும்பை வளைத்து வைத்திருக்கும். முகவரி ஈஸ்ட் டிரெமான்ட் அவென்யூ, 1038ஆம் எண். கட்டடங்களுக்கு இடையிலுள்ள காற்றுச் சந்தின் வழியாக மோலி ஜன்னலில் தலையை நீட்டி அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். தெருக் குழாயடியில் பேசி வளர்ந்த எந்தச் சமூகத்துக்கும் இது புரியும்.

அந்த ஜன்னல்தான் தொடரின் மையம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் மோலி அதே ஜன்னலில் சாய்ந்து கேமராவைப் பார்த்து, அதாவது நம்மைப் பார்த்துப் பேசுவாள். பேசிக்கொண்டே சாங்கா காப்பியை விற்பாள். ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம்தான் விளம்பரதாரர். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதும் காப்பி விற்பதும் ஒரே மூச்சில் நடக்கும். கினெஸ்கோப்பில் இந்த இடத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். மோலி ஜன்னல் விளிம்புக்கு வரும்போது கேமராவுக்கு மிக அருகில் வருகிறாள். அருகில் வருவதால் முகம் ஓரளவு தேறுகிறது. குடும்பத்தின் மற்றவர்கள் அறைக்குள், நடுத்தூரத்தில் இருக்கிறார்கள். மங்கல் அவர்களைத்தான் அதிகம் தின்கிறது. விளம்பரம் பேசும் முகம் பிழைக்கிறது, வீட்டுக்குள் வாழும் முகங்கள் கரைகின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் செய்தாகிவிட்டது.

1949 அத்தியாயங்களில் 'தி ரென்ட் ஸ்ட்ரைக்' என்று ஒன்று உண்டு. பெயரே சொல்லும், வாடகைத் தகராறு. குடும்ப நகைச்சுவைக்குள் வாடகை வருகிறது, வீட்டுக்காரர் வருகிறார், குடித்தனக்காரர்களின் கோபம் வருகிறது. இதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை சத்தமாக மட்டும் கேட்டது. மூன்றாவது தடவைதான் ஜேக்கின் தோள்களைப் பார்க்கத் தொடங்கினேன். கண் தெரியாதபோது பார்வை தோளுக்கு இறங்குகிறது. அந்த நடிகர் நாற்பது வருடம் உழைத்த மனிதனின் அலுப்பை உடம்பில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நடிகரின் பெயர் பிலிப் லோப்.

3

கொஞ்சம் திசை மாறி, தெளிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ்ஸில் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து நேரடியாகச் செய்ய வேண்டும் என்பது விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனியின் எதிர்பார்ப்பு. லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். ஹாலிவுட்டிலிருந்து நேரடியாகச் செய்தால் கிழக்கில் இருப்பவர்களுக்குக் கினெஸ்கோப்தான் கிடைக்கும். வாங்கும் சக்தியுள்ள சந்தை கிழக்கில் இருந்தது. அதுவரை மங்கலைப் பார்த்தவர்கள் மேற்கில் இருந்தவர்கள், அப்போது அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. கிழக்குக்கு மங்கல் போகும் என்றவுடன் அது பிரச்சினை ஆகிறது!

தீர்வு: மூன்று 35 மி.மீ. கேமராக்களை வைத்து, பார்வையாளர் முன்னிலையிலேயே நாடகத்தை ஃபிலிமில் எடுப்பது. ஒளிப்பதிவுக்கு வந்தவர் ஜெர்மன் மௌனப் படங்களின் மேதை, 'மெட்ரோபோலிஸ்' எடுத்த கார்ல் ஃப்ராய்ண்ட். செலவு கூடியது. அதை ஈடுகட்டத் தம்பதியர் வாரச் சம்பளத்தில் 1,000 டாலர் குறைத்துக்கொண்டார்கள், பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைத் தங்கள் நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பு என்ற தங்கச் சுரங்கம் அப்படித்தான் திறந்தது. 1957இல் அவர்கள் ஆர்கேஓ ஸ்டுடியோவையே வாங்கினார்கள். துல்லியம் என்பது இங்கே நேரடியாகச் சொத்து. மங்கலான கினெஸ்கோப்பை மறுபடி விற்க முடியாது, தெளிவான ஃபிலிமைத் தலைமுறை தலைமுறையாக விற்கலாம்.

கதைப்படி லூசியும் நியூயார்க் அடுக்குக் குடியிருப்பில்தான் வசிக்கிறாள். அவள் வீட்டுக்காரர்களான மெர்ட்ஸ் தம்பதி அவளுடைய உயிர் நண்பர்கள். ஹாலிவுட்டில் கட்டிய பொய் நியூயார்க், வீட்டுக்காரர் நண்பராக இருக்கும் நியூயார்க், நூல் நூலாகத் தெளிவாக இருக்கிறது. நியூயார்க்கிலேயே உருவான, வாடகைத் தகராறு நடக்கும் நியூயார்க் சாம்பலாக இருக்கிறது. லூசி மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பானையை உடைக்காமல் தூக்கிப் போவதற்குள் அந்தப் பெண் செய்யும் அமர்க்களத்துக்கு இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். ஆனால் எது 'நம் எல்லோருடைய நினைவாகவும்' ஆகிறது என்பதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் பங்கு உண்டு.

4

1950 ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்ற சிறு வெளியீடு வந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறையில் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று 151 பேரின் பெயர்களை அச்சிட்டது. லோப் அதில் இருந்தார். 1891இல் பிறந்தவர், நாடக மேடைக்காரர், நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் ஊக்கமாக வேலை செய்தவர். கட்சி உறுப்பினர் என்பதை மறுத்தார். மறுப்பு யாருக்கு வேண்டும்? விளம்பரதாரர் அவரை நீக்கச் சொன்னார். பெர்க் மறுத்தார். ஜெனரல் ஃபுட்ஸ் விலகியது, 1951இல் சிபிஎஸ் தொடரைக் கைவிட்டது. 1952இல் லோப் ஒரு தொகை பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். தொடர் என்பிசியில் மீண்டும் தொடங்கியது, வேறொருவர் ஜேக் ஆனார். 1954இல் டூமான்ட் நிறுவனத்துக்குப் போனபோது இன்னொருவர்.

1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் டாஃப்ட் ஹோட்டலில் லோப் தூக்க மாத்திரைகளை விழுங்கி இறந்துகிடந்தார். அந்த 1955-56 பருவத்தில்தான் 'தி கோல்ட்பெர்க்ஸ்' முதன்முதலாகத் தொலைக்காட்சிக்கென ஃபிலிமில் எடுக்கப்பட்டது. கதையில் குடும்பம் பிராங்க்ஸை விட்டு ஹேவர்வில் என்ற புறநகருக்குக் குடிபோகிறது. காற்றுச் சந்து இல்லை. அண்டை வீட்டுக்காரியை அந்த விதமாகக் கூப்பிட இடமில்லை. தெளிவு வந்தது. தெளிவு வந்தபோது ஜேக் போயிருந்தார், தெரு போயிருந்தது, வாடகைத் தகராறு போயிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கே தேவை. கறுப்புப் பட்டியல் பிம்பத்தை மங்கச் செய்யவில்லை. நேரடி ஒளிபரப்பான எல்லாமே மங்கலாகத்தான் மிஞ்சியிருக்கிறது, வலதுசாரிகளின் நிகழ்ச்சிகள் உட்பட. நான் சொல்வது வேறு. பட்டியல் வேட்டை நடந்த வருடங்களும், தொலைக்காட்சி நகைச்சுவை கினெஸ்கோப்பிலிருந்து ஃபிலிமுக்குக் கடந்த வருடங்களும் ஒன்றே. அந்த ஆற்றைக் கடக்கும் நேரத்தில் யாரைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்களோ, அவர்கள் இந்தக் கரையிலேயே, மங்கலிலேயே தங்கிவிட்டார்கள். 1953இல் லூசில் பாலும் விசாரிக்கப்பட்டார். 1936இல் கம்யூனிஸ்ட் ஆதரவு வாக்காளராகப் பதிந்திருந்தார், தாத்தாவின் திருப்திக்காகச் செய்தேன் என்றார். விளம்பரதாரர் விலகவில்லை, தொடர் நின்றுவிடவில்லை. நாட்டிலேயே அதிகம் பார்க்கப்படும் நிகழ்ச்சியின் முகத்தை யார் கரைப்பார்கள்?

லோபின் தெளிவான முகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1938இல் மார்க்ஸ் சகோதரர்களோடு 'ரூம் சர்வீஸ்' படத்தில் நடித்திருக்கிறார். 1950இல் பாரமவுண்ட் நிறுவனம் கோல்ட்பெர்க் குடும்பத்தை வைத்து எடுத்த சினிமாவிலும் ஜேக் அவர்தான். அதில் கண்கள் தெரிகின்றன. அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப 1949 கினெஸ்கோப்புக்கு வந்தால், எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க முடிகிறது. ஆனால் சினிமா சினிமாதான். வாராவாரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஜேக், அடுத்த வாரம் எப்படிப் போகும் என்று தெரியாமல் உயிரோடு நடித்த ஜேக், அந்தச் சாம்பலில் மட்டும்தான் இருக்கிறார்.

5

மார்ஷல் மெக்லூஹன் 1964இல் வெளியான தன் நூலில் தொலைக்காட்சியைக் 'குளிர்ந்த' ஊடகம் என்றார். பிம்பத்தில் தகவல் குறைவு, ஆகவே பார்ப்பவர் இடைவெளியை நிரப்பிக்கொண்டு பங்கேற்கிறார் என்பது அவர் வாதம். நான் ஜேக்கின் தோளைப் பார்த்தது இந்த நிரப்பல்தான் என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி. ஆனால் மெக்லூஹனுக்குத் துல்லியக் குறைவு ஊடகத்தின் இயல்பு, ஏதோ தண்ணீரின் ஈரம் மாதிரி. நடந்தது அப்படியில்லை. ஒரே வருடத்தில், ஒரே பெட்டியில், ஒரு நிகழ்ச்சி தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் வந்தது. எந்த ஊர்க்காரர் மங்கலைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று கணக்குப் போட்டார்கள். இடைவெளியை நிரப்பும் உழைப்பும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

ஹிட்டோ ஸ்டேயர்ல் 2009இல் எழுதிய கட்டுரை இதற்கு நெருக்கமானது. பிம்பங்களுக்குள்ளும் வர்க்கம் உண்டு, மங்கலான எளிய பிம்பமே அதன் அடித்தட்டு என்றார் அவர். உடன்படுகிறேன். ஆனால் இந்த நிலைப்பாட்டைப் பிடித்துக்கொண்டு மங்கலையே கொண்டாடும் ஒரு மனநிலையும் வருகிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. தெளிவு அதிகாரத்துடையது, மங்கல் எதிர்ப்பினுடையது என்று சூத்திரம் போட்டால் 'ஏமஸ் அண்ட் ஆண்டி'யை என்ன செய்வீர்கள்? 1951இல் அதே சிபிஎஸ்ஸில் ஃபிலிமில் எடுக்கப்பட்ட தொடர். கறுப்பின நடிகர்கள் நிறைந்தது, தெளிவான படம். அந்தத் தெளிவு எதைக் காட்டியது என்பதுதான் பிரச்சினை. கறுப்பர்களைக் கோமாளிகளாகவும் ஏமாற்றுக்காரர்களாகவும் காட்டுகிறது என்று என்ஏஏசிபி அமைப்பு போராடியது, 1966இல் சிபிஎஸ் தொடரைப் புழக்கத்திலிருந்தே விலக்கியது. அதற்கப்புறம் அது பிரதியின் பிரதியாகத் திருட்டு நாடாக்களில்தான் சுற்றியது. தெளிவாகப் பதிவாவதே கௌரவம் ஆகிவிடாது. யார் கையில் கேமரா, யார் கையில் உரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மங்கலாகக்கூட மிஞ்சாதவை இன்னும் அதிகம். கினெஸ்கோப்புகள் பாதுகாக்க எடுக்கப்பட்டவை அல்ல. ஒளிபரப்பு முடிந்தால் வேலை முடிந்தது. டூமான்ட் நிறுவனத்தின் பிரதிகள் 1970களில் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையில் சாட்சியம் சொன்னார். இந்தப் பின்னணியில் நம் கைக்கு வந்திருக்கும் கினெஸ்கோப் ஒரே சமயத்தில் சேதமும் சாட்சியும் ஆகிறது. ஜேக்கின் கண்ணை அழித்ததும் அதுதான். ஜேக்கை இதுவரை கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான்.

6

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய மங்கலான படங்களைக் கணினி மூலம் தெளிவாக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. நண்பர் ஒருவர் ஒரு கினெஸ்கோப்பின் சில நிமிடங்களை அப்படி மாற்றிக் காட்டினார். சட்டைத் துணியில் நெசவு தெரிந்தது. முகத்தில் தோல் தெரிந்தது. கண் தெரிந்தது. "பாத்தீங்களா, என்னமா இருக்கு!" என்றார். எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது உண்மை. பிறகுதான் கேட்டேன், இது யாருடைய கண்? ஃபிலிமில் இல்லாத தகவலை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? தான் ஏற்கெனவே பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து, அதாவது தெளிவாகப் பிழைத்த முகங்களிலிருந்து. தெளிவானவர்களின் கண்ணை எடுத்து மங்கலானவர் முகத்தில் பொருத்துகிறது. லோபின் இடத்தில் 1952இல் வேறொருவரை உட்கார வைத்தார்கள். இது மறுபடியும் அதே வேலைதான், இந்தத் தடவை அவர் முகத்துக்கு உள்ளேயே.

புதுப்பிக்கவே கூடாது என்பது என் வாதமில்லை. கீறலை நீக்கட்டும், வெளிச்சத்தைச் சமன் செய்யட்டும், இன்னும் நல்ல ஃபிலிம் பிரதி எங்கேயாவது கிடைத்தால் கொண்டுவரட்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் இடிக்கிறது. காரணம் சொல்லப்படாத மங்கல் வெறும் பழமையாகிவிடும், நண்பர் சொன்ன மாதிரி "பழைய படம்னா அப்படித்தான்" ஆகிவிடும். பொய்யாக நிரப்பப்பட்ட தெளிவில் காரணம் கேட்கவே வழியிருக்காது.

'தி ரென்ட் ஸ்ட்ரைக்'கை அந்த நண்பரோடு மறுபடி பார்த்தேன், மாற்றாத பிரதியில். ஓடுவதற்கு முன் இவ்வளவையும் சொன்னேன். படம் முடிகிற வரைக்கும் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த ஆளு கண்ணு தெரியலையே" என்றார். முதல் தடவை பார்த்தபோதும் அது தெரியவில்லைதான். அப்போது அவர் அதைக் கேட்கவில்லை.